டெங்கு வைரஸ் உடலின் முதல் எச்சரிக்கையை அடக்கும் விதத்தை வகுப்பில் விளக்குவது எப்படி

ஐப்பசி மழைக்குப் பிறகு எங்கள் குடியாத்தம் பக்கத்து வகுப்பறைகளில் இரண்டு மூன்று இருக்கைகள் காலியாகத் தொடங்கும். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அந்தப் பிள்ளைகள் கன்னம் ஒட்டித் திரும்பி வரும்போது அவர்களில் ஒருவராவது கேட்கிற கேள்வி இது: "எனக்கு எதிர்ப்புச் சக்தி கம்மியா சார்?" வீட்டிலும் தெருவிலும் அவர்களிடம் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். பிளஸ் டூ விலங்கியலில் இயல்பு நோய்த்தடைக்காப்பை (பிறவியிலேயே அமைந்த எதிர்ப்புச் சக்தியை) நடத்தும் ஆசிரியர்களும், செவிலியர் பயிற்சியில் முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்லித்தருபவர்களும், இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்கும்படி அந்தப் பாடத்தை எப்படி நடத்தலாம் என்பதை நான் நடத்திப் பார்த்த முறையிலிருந்து எழுதுகிறேன். விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். டெங்கு வந்ததற்கு உடலின் பலவீனம் காரணம் அன்று. நல்ல உடற்கட்டுள்ள இளைஞரின் செல்லும் அந்த வைரஸிடம் முதல் இரண்டு மூன்று நாள் ஏமாறத்தான் செய்கிறது. வைரஸ் நம்மிடமிருந்து திருடுவது நேரத்தை. பாடம் முழுவதும் இந்த ஒரு செய்தியை நோக்கியே நகர வேண்டும்.

கோட்டை வேண்டாம், குழாயடி போதும்

நோய்த்தடைக்காப்பு என்றதும் வேலூர்க்காரர்களுக்குக் கோட்டை உவமை உடனே நாவில் வந்துவிடும். கருங்கல் மதில், சுற்றிலும் அகழி, ஒரே வாயில் என்று எல்லாம் கண்முன்னே இருக்கிறது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது அதை விட்டுவிட்டேன், நீங்களும் விட்டுவிடுவது நல்லது என்றே கருதுகிறேன். தோல் என்ற மதிலைக் கொசு தன் ஊசிக்குழலால் ஒரு நொடியில் கடந்துவிடுகிறது. அதன் பிறகு நடப்பது முழுவதும் செய்தி அனுப்புவதும் செய்தியைத் தடுப்பதுமாகவே இருக்கிறது. கோட்டை உவமையைப் பிடித்துக்கொண்ட மாணவர், மதில் இடிந்ததா இல்லையா என்றே கேட்டுக்கொண்டிருப்பார். செய்தி ஏன் தாமதமானது என்ற கேள்வி அவருக்குத் தோன்றாது.

அதற்குப் பதிலாகத் தெருக்குழாயிலிருந்து தொடங்குங்கள். பாலாறு வறண்டு கிடக்கும் நம் ஊர்களில் குழாய்த் தண்ணீர் எந்த நேரத்தில் வரும் என்று உறுதி சொல்ல முடியாது. முதலில் பார்த்த வீட்டுக்காரம்மா, "தண்ணி விட்டாச்சு!" என்று ஒரு குரல் கொடுப்பார். அடுத்த நிமிடம் தெரு முழுவதும் குடம் வந்து நிற்கும். இன்டர்ஃபெரான் என்ற புரதம் செய்வது அந்தக் குரலின் வேலையைத்தான். வைரஸ் புகுந்த செல் அதைச் சுரந்து வெளியே விடுகிறது. கேட்ட அக்கம்பக்கத்துச் செல்கள் நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயக்கி, வைரஸ் வந்தாலும் அங்கே பெருக முடியாதபடி தங்களை ஆயத்தப்படுத்திக்கொள்கின்றன. குரல் கொடுத்த வீடு தப்பாமல் போகலாம், தெரு தப்பிவிடும். 1957-ஆம் ஆண்டு லண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மன் என்ற இருவர், கோழிமுட்டைச் சவ்வின் மேல் செயலிழந்த இன்ஃப்ளுவென்சா வைரஸை வைத்துப் பார்த்தபோது, அந்தத் திசு ஏதோ ஒரு பொருளைச் சுரப்பதையும், அந்தப் பொருள் பட்ட புதிய திசு வைரஸுக்கு இடம் கொடுக்காததையும் கண்டு அதற்கு இந்தப் பெயரை வைத்தார்கள். வகுப்பில் இந்த ஆண்டைக் குறிப்பிடுங்கள்; கண்டுபிடித்து எழுபது ஆண்டுகூட ஆகாத செய்தி என்று தெரிந்தால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

அந்தத் தண்ணீரை நாள்கணக்கில் பிடித்து வைக்கும் டிரம்மிலும் சிமென்ட் தொட்டியிலும்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. ஆகவே மாணவர் ஒருவர் வீட்டுத் தொட்டியிலிருந்து ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் மொண்டுவரச் சொல்லி மேசைமேல் வைத்துவிடுங்கள். புழுக்கள் தலைகீழாகத் தொங்கி, வால்பக்கத்துக் குழாயை நீர்மட்டத்தில் ஒட்டி மூச்சு வாங்குவதையும், தம்ளரின் மேல் கையின் நிழல் விழுந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் நெளிந்து அடிக்கு இறங்குவதையும் அவர்கள் குனிந்து பார்க்கட்டும். பாடம் முடிந்ததும் அந்தத் தண்ணீரை வெயிலில் காய்ந்த மண்ணில் கொட்டிவிட வேண்டும், சாக்கடையில் கொட்டக் கூடாது.

பரிசோதனைச் சீட்டைக் கையில் எடுங்கள்

டெங்கு வந்து தேறிய மாணவரிடம் பரிசோதனைக்கூடச் சீட்டு இருந்தால், பெயரை மறைத்துவிட்டு அதைக் கரும்பலகையில் ஒட்டுங்கள். அதில் என்எஸ்1 என்று ஒரு வரி இருக்கும். அந்த இரண்டு எழுத்துக்கும் ஓர் எண்ணுக்கும் என்ன பொருள் என்று கேட்டால் வகுப்பில் பெரும்பாலும் ஒருவருக்கும் தெரியாது. பாடத்தின் நடுப்பகுதிக்கு அதுவே வாசல்.

டெங்கு வைரஸின் மரபுப்பொருள் ஒற்றை இழை ஆர்.என்.ஏ.; ஏறத்தாழ 10,700 எழுத்துகள் கொண்டது. ஒரு பக்கத்துக்கு ஆயிரம் எழுத்தாக எழுதினால் நோட்டுப்புத்தகத்தில் பதினோரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். மனித மரபுத்தொகுதியின் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளை அதே கணக்கில் எழுத முப்பது லட்சம் பக்கம் வேண்டும். அந்தப் பதினோரு பக்கத்தில் பத்தே புரதங்களுக்கான செய்தி இருக்கிறது. மூன்று வைரஸின் உடலைக் கட்டுவதற்கு. மற்ற ஏழும் வைரஸின் உடலில் இடம்பெறாதவை, நம் செல்லுக்குள் போன பிறகு மட்டும் உண்டாக்கப்பட்டு அங்கே வேலை செய்பவை. என்எஸ் என்ற எழுத்துகள் குறிப்பது உடற்கட்டில் சேராத அந்த ஏழு புரதங்களைத்தான். உடலைக் கட்ட மூன்று, நம் செல்லை வசப்படுத்த ஏழு என்ற இந்தக் கணக்கைச் சொன்னதும் சற்று நிறுத்துங்கள். அந்த ஏழும் வைரஸின் இழையைப் படியெடுக்கும் வேலையையும் பார்க்கின்றன, அதே கையால் நம் எச்சரிக்கையையும் அடக்குகின்றன. இவ்வளவு சிறிய மரபுப்பொருளில் ஒரு புரதத்துக்கு ஒரே வேலை என்று ஒதுக்க இடமில்லை.

மைதானத்தில் இரண்டு சுற்று

இனி மாணவர்களை வெளியே அழைத்துச் செல்லுங்கள். எங்கள் ஊர் வெயிலில் காலை ஒன்பது மணிக்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். கோலமாவால் இருபதடி அகலத்துக்கு ஒரு வட்டம், அதற்குள் உட்கருவாக ஒரு சிறிய வட்டம், நான்கைந்து அடி தள்ளி இதே அளவில் பக்கத்துச் செல்லாக இன்னொரு வட்டம் என்று வரையுங்கள். செல்லுக்குள் மடிப்பு மடிப்பாக இருக்கும் சவ்வான எண்டோபிளாச வலைக்கு ஒரு பழைய வேட்டியை மடித்து மடித்துப் போடலாம். மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஒரு பெஞ்சு. ஒவ்வொருவர் சட்டையிலும் பெயர்ச்சீட்டைக் குத்திவிடுங்கள்.

முதல் சுற்றில் வைரஸ் எந்தத் தந்திரமும் செய்யாது. வைரஸின் ஆர்.என்.ஏ.யாக ஒரு மாணவர் உள்ளே வருகிறார். செல்நீர்மத்தில் காவல் சுற்றும் ரிக்-ஐ என்ற உணர்புரதம் அவரைத் தொட்டதும், இது நம் வீட்டு ஆர்.என்.ஏ. இல்லை என்று அறிந்து, பெஞ்சுக்கு ஓடி அங்கே உட்கார்ந்திருக்கும் மேவ்ஸ் என்ற புரதத்தின் கையைத் தட்டுகிறது. மேவ்ஸ் எழுப்பிவிடும் தொடரின் முடிவில் ஐஆர்எஃப்3 என்ற புரதம் உட்கருவுக்குள் ஓடி ஒரு சீட்டு எழுதச் செய்கிறது. அந்தச் சீட்டுதான் இன்டர்ஃபெரான். அது பக்கத்து வட்டத்துக்குப் போனதும், அங்கே ஸ்டாட்1, ஸ்டாட்2 என்ற புரதங்களாக நிற்கும் இருவரும் கைகோத்து, ஐஆர்எஃப்9 என்ற மூன்றாமவரையும் சேர்த்துக்கொண்டு அந்தச் செல்லின் உட்கருவுக்குள் நுழைகிறார்கள். கதவடைக்கும் மரபணுக்கள் இயங்குகின்றன. நெசவு வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த எங்கள் வகுப்பில் இந்த இடத்தை விளக்க நான் அதிகம் பேசுவதில்லை. பாவு (நீள நூல்) மட்டும் இருந்து ஊடை (குறுக்கு நூல்) இல்லாவிட்டால் துணி இல்லை என்று சொன்னால் போதும், ஸ்டாட்1 தனியாக ஒன்றும் செய்ய முடியாது என்பது விளங்கிவிடும். சீட்டு எழுதப்பட எத்தனை நொடி ஆனது என்று ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும்.

இரண்டாம் சுற்றுதான் பாடத்தின் உயிர். இதை நிதானமாக, தந்திரத்துக்குத் தந்திரம் நிறுத்தி நடத்துங்கள்.

முதலில் வைரஸ் ஒளிகிறது. உள்ளே வந்த மாணவர் வேட்டியின் மடிப்புக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ள வேண்டும். டெங்கு வைரஸ் உண்மையிலேயே எண்டோபிளாச வலையின் சவ்வை உட்புறமாகக் குழித்து, ஏறத்தாழ 90 நானோமீட்டர் அகலமுள்ள பைகளை உண்டாக்கி, படியெடுக்கும் வேலையை அவற்றுக்குள் வைத்துக்கொள்கிறது. படியெடுக்கும்போது உண்டாகும் இரட்டை இழை ஆர்.என்.ஏ. தான் காவல் புரதங்களின் கண்ணில் எளிதில் படுவது. அது பைக்குள்ளேயே கிடக்கிறது. புதிய இழை வெளியே வரும்போதும் வேடம் பூண்டு வருகிறது. நம் செல்லின் செய்தி ஆர்.என்.ஏ.க்களின் முனையில் ஒரு தொப்பியும், தொப்பியை அடுத்து ஒரு மெத்தில் அடையாளமும் இருக்கும். அவை இல்லாதவற்றை அந்நியம் என்று பிடிக்க இஃபிட்1 போன்ற புரதங்கள் காத்திருக்கின்றன. என்எஸ்5 என்ற வைரஸ் புரதம் அதே அடையாளத்தைத் தன் இழைக்கும் இட்டுவிடுகிறது. கல்யாண வீட்டில் சந்தனமும் குங்குமமும் இட்டுக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தவரை யார் வீட்டு உறவு என்று யாரும் கேட்பதில்லை.

அப்படியும் ரிக்-ஐ சில இழைகளைப் பிடித்துவிடுகிறது. அப்போது என்எஸ்3 ஆக நிற்கும் மாணவர் செய்ய வேண்டியது, ரிக்-ஐயைப் பெஞ்சுக்கு அழைத்துச் செல்லும் துணைப்புரதத்தின் கையைப் பிடித்து வைத்துக்கொள்வது. அந்தத் துணைப்புரதத்தின் பெயர் 14-3-3 என்று எண்ணாகவே வழங்குகிறது. செய்தி கண்டவர் அங்கேயே நிற்கிறார், கொண்டுபோக ஆள் இல்லை. வைரஸ் இழையின் கடைசிப் பகுதியும் சும்மா இருப்பதில்லை. ஆர்.என்.ஏ.யை முனையிலிருந்து அரித்துக்கொண்டு போகும் நம் செல்லின் நொதி ஒன்று, அந்தக் கடைசிப் பகுதியில் இருக்கும் முடிச்சில் தடுக்கி நின்றுவிட, அரிபடாமல் மிஞ்சிய துண்டுகள் செல்லில் குவிகின்றன. சில டெங்கு வகைகளில் அந்தத் துண்டுகள் ரிக்-ஐயைத் தூண்டிவிடும் ட்ரிம்25 என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதன் வேலையைக் கெடுக்கின்றன. நம் நொதியே வைரஸுக்கு ஆயுதம் செய்து கொடுக்கும் இந்த இடத்தை மாணவர்கள் மறப்பதே இல்லை.

அடுத்தது கத்தரிக்கோல். என்எஸ்2பி, என்எஸ்3 இரண்டும் சேர்ந்த நொதி, வைரஸின் நீண்ட புரதச் சங்கிலியைத் துண்டுகளாக வெட்டுவதற்கென்றே இருப்பது. அதே கத்தரியால் ஸ்டிங் என்ற நம் எச்சரிக்கைப் புரதத்தையும் அது வெட்டிவிடுகிறது. ஸ்டிங் பொதுவாக டி.என்.ஏ. இடம் மாறிக் கிடந்தால் எச்சரிக்கும் வழியைச் சேர்ந்தது. ஆர்.என்.ஏ. வைரஸுக்கு அதை ஏன் வெட்ட வேண்டியிருக்கிறது என்று கூர்மையான மாணவர் ஒருவர் கேட்பார். வைரஸ் தாக்கிய செல்லில் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. கசிந்து வெளியே வருகிறது, அதுவும் அபாயக் குறியாகிவிடுகிறது என்பது விடை.

கடைசியாக, காதை அடைப்பது. என்எஸ்5 மறுபடி வருகிறது. இந்த முறை ஸ்டாட்2வைப் பிடித்து, செல்லின் கழிவுப் புரதங்களைச் சிதைக்கும் எந்திரத்திடம் ஒப்படைத்துவிடுகிறது. ஸ்டாட்2 ஆக நிற்கும் மாணவரைக் கைபிடித்து வட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் விடுங்கள். இப்போது பக்கத்து வீட்டிலிருந்து எவ்வளவு உரக்கக் குரல் வந்தாலும் இந்தச் செல்லுக்குக் கேட்காது. பாவு இருக்கிறது, ஊடை இல்லை.

இந்தச் சுற்றிலும் சீட்டு எழுதப்பட எத்தனை நொடி ஆனது என்று குறியுங்கள். சீட்டு எழுதப்படாமலே போக வேண்டும் என்று நடத்தாதீர்கள், அது பிழை. தாமதமாகி, எண்ணிக்கை குறைந்து, ஒன்றிரண்டு சீட்டாவது எழுதப்பட வேண்டும். ஆனால் அந்தச் சீட்டு பக்கத்து வட்டத்தை அடையும் முன்பே வைரஸ் மாணவர் ஒருவர் அங்கே போய் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு சுற்றின் நொடிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், எதிர்ப்புச் சக்தி கம்மியா என்று கேட்ட பிள்ளைக்கு விடை கரும்பலகையிலேயே இருக்கும். அந்தச் செல்லில் எல்லாப் புரதங்களும் இருந்தன, தம் வேலையையும் செய்தன. முந்திக்கொண்டது வைரஸ், அவ்வளவுதான்.

கட்டாயம் வரும் கேள்விகள்

இன்டர்ஃபெரான் மருந்தாகவே கிடைக்கிறதே, ஊசியாகப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்பார்கள். ஆய்வுக்கூடத்துச் செல்களுக்கு முதலில் இன்டர்ஃபெரான் கொடுத்துவிட்டுப் பிறகு டெங்கு வைரஸை விட்டால் அது பெருகத் திணறுகிறது; வைரஸ் உள்ளே போய் நிலைத்த பிறகு கொடுத்தால் பெரிய பயன் இல்லை. இரண்டாம் சுற்றைப் பார்த்த மாணவருக்கு ஏன் என்று நாம் சொல்லவே வேண்டாம்.

எச்சரிக்கையை அடக்கிவிட்டால் காய்ச்சல் எப்படி வருகிறது என்ற கேள்வி இதைவிட நல்ல கேள்வி. பல பாடக்குறிப்புகள் இதைத் தொடாமலே போய்விடுகின்றன. இன்டர்ஃபெரானை அடக்கும் தந்திரத்தை வைரஸ் செய்யக்கூடியது தான் புகுந்த செல்லுக்குள் மட்டும். இரத்தத்தில் உலவும் சில காவல் செல்கள், தாங்கள் தொற்றாமலே, தொற்றிய செல்லை உரசிக்கொண்டு நிற்கும்போது வைரஸின் ஆர்.என்.ஏ.யை உணர்ந்து இன்டர்ஃபெரானை மிகுதியாகச் சுரக்கின்றன. கொதிக்கும் உடம்பும் முறிக்கும் வலியும் பெரும்பாலும் அப்படித் தாமதமாக எழுந்த குரலின் விளைவுதான். அதற்குள் வைரஸ் இரத்தத்தில் பெருகிவிட்டிருக்கும். காய்ச்சல் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அந்த மனிதரைக் கடிக்கும் கொசுவுக்கு வைரஸ் போய்ச் சேரலாம். கொசுவுக்கு இன்டர்ஃபெரான் கிடையாது. அது வேறொரு முறையில், வைரஸின் ஆர்.என்.ஏ.யைத் துண்டு துண்டாக நறுக்கி அதை ஓர் அளவுக்குள் வைத்துக்கொண்டு, நோயில்லாமல் வாழ்நாள் முழுவதும் சுமக்கிறது.

எலிக்கு டெங்கு வருமா என்று ஒருவர் கேட்டால் மகிழ்ந்து விடை சொல்லுங்கள். சாதாரண ஆய்வுக்கூடச் சுண்டெலிக்கு எளிதில் வராது. மனித ஸ்டிங்கை வெட்டும் அந்தக் கத்தரிக்கு எலியின் ஸ்டிங் வெட்டுப்படுவதில்லை. மனித ஸ்டாட்2வை அழிக்கும் என்எஸ்5 எலியின் ஸ்டாட்2விடம் தோற்றுவிடுகிறது. இன்டர்ஃபெரானை உணரும் ஏற்பிகளை நீக்கி வளர்த்த எலிகளில்தான் டெங்குவைப் பற்றிய பல ஆய்வுகள் நடக்கின்றன. இந்தத் தந்திரங்கள் எவ்வளவு தூரம் மனிதச் செல்லுக்கென்றே பொருந்தியவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வகுப்பறைக்குக் கிடைக்காது.

வைரஸ் புத்திசாலி என்று மாணவர்கள் சொல்லும்போது மட்டும் திருத்திவிடுங்கள். நானும் இங்கே தந்திரம், வேடம் என்றெல்லாம் எழுதியிருக்கிறேன்; பேச்சுக்கு அது தேவைப்படுகிறது. ஆனால் கோடிக்கணக்கான படிகள் பிழையோடு எடுக்கப்படுகின்றன, அவற்றில் மனிதச் செல்லில் தங்க முடிந்தவை தங்கின, மற்றவை அழிந்தன என்பதே நடந்தது.

நம் மாவட்டத்தின் மற்ற இரண்டு வைரஸ்கள்

நேரம் இருந்தால் சிக்குன்குனியாவையும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நம் ஊரோடு வரலாற்றுத் தொடர்பு உண்டு. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் மனிதர்களிடம் முதன்முதலாக அறியப்பட்டது 1955-இல், அன்றைய வடஆற்காடு மாவட்டமான இதே வேலூர்ப் பகுதியில். 1964-இல் தென்னிந்தியாவில் காய்ச்சல் பரவியபோது நோயாளிகளின் இரத்தத்திலிருந்தும் கொசுக்களிலிருந்தும் சிக்குன்குனியா வைரஸைப் பிரித்தெடுத்தவர்களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் இருந்தார்கள்.

சிக்குன்குனியா வேறு குடும்பத்து வைரஸ். அதன் என்எஸ்பி2 என்ற புரதம் உட்கருவுக்குள்ளேயே போய், மரபணுக்களைப் படியெடுக்கும் நொதியின் முக்கியமான பகுதியைச் சிதைத்துவிடுகிறது. டெங்கு செய்தி கொண்டுபோகும் ஆளைப் பிடித்து நிறுத்துகிறது என்றால், இது சீட்டு எழுதுகிற கையையே ஒடிக்கிறது. நெல்வயல் கொசுவழி வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸோ டெங்குவின் உறவு. ஆனாலும் அதன் என்எஸ்5 ஸ்டாட்2வை அழிப்பதில்லை, ஸ்டாட் புரதங்களைத் தூண்டிவிடும் முந்தைய படியையே தடுக்கிறது. ஒரே தொடர், ஒவ்வொரு வைரஸும் வெட்டும் இடம் வேறு. அதே மைதானத்தில் மாணவர்களை இடம் மாற்றி நிறுத்திக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் இது முடிந்துவிடும்.

சீட்டுக்குத் திரும்புங்கள்

வகுப்பறைக்கு வந்ததும் ஒட்டிவைத்த சீட்டை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஏழு புரதங்களில் என்எஸ்1 மட்டும் செல்லை விட்டு இரத்தத்தில் வெளியேறி மிதக்கிறது. அதனால்தான் காய்ச்சலின் முதல் நாள்களிலேயே இரத்தத்தில் அதைக் கண்டுபிடிக்க முடிகிறது. வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளோ (ஆன்டிபாடி) ஐந்தாம் நாள் வாக்கில்தான் பரிசோதனையில் தெரியும். மிதக்கும் என்எஸ்1 இரத்தத்தில் கிருமிகளை அழிக்க உதவும் நிரப்புப் புரதங்களின் வேலையைக் கெடுக்கிறது. இரத்தக் குழாயின் உட்பூச்சையும் தளர்த்துகிறது. இந்தக் கடைசிச் செய்தியை அழுத்திச் சொல்லுங்கள், வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டியது அதுதான்.

ஒரு முறை வந்துவிட்டதால் இனி வராது என்ற எண்ணத்தையும் இங்கே நீக்கிவிடலாம். டெங்குவில் நான்கு வகை உண்டு. முதலில் வந்த வகைக்கு உண்டான எதிர்ப்பொருள் அடுத்து வரும் வேறு வகையோடு ஒட்டிக்கொண்டாலும் அதை முடக்க முடியாமல் போகலாம். அப்போது அந்த எதிர்ப்பொருளையே கைப்பிடியாகக் கொண்டு வைரஸ் காவல் செல்களுக்குள் நுழைகிறது, அந்த வழியில் நுழையும்போது செல்லின் எச்சரிக்கையும் மங்குகிறது என்பது ஆய்வுக்கூடத்தில் கண்ட உண்மை.

வீட்டுப்பாடமாக, ஒரு புரதத்தின் பெயரையும் சொல்லாமல் இந்தக் கதையை வீட்டில் ஒருவருக்குச் சொல்லி, அவர் கேட்ட கேள்வியை எழுதிவரச் சொல்லுங்கள். எங்கள் மாணவி ஒருத்தியின் பாட்டி கேட்டதாக எழுதிவந்த கேள்வி இது: "காய்ச்சல்தான் விட்டுப்போச்சே, அப்புறம் எதுக்கு ஆஸ்பத்திரி?" காய்ச்சல் விடுவது பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், வைரஸ் குறையத் தொடங்கிவிட்டது என்பது அதன் பொருள். தளர்ந்த குழாய்களிலிருந்து இரத்தத்தின் நீர்ப்பகுதி கசிவதோ அந்த ஒன்றிரண்டு நாளில்தான் மிகுதி. வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், தூக்கக் கலக்கம், சிறுநீர் குறைதல் ஆகிய எதைக் கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் கூடாது. பாராசிட்டமாலும் மருத்துவர் சொன்ன அளவில்தான். இதை அந்த மாணவி ஒரு தாளில் எழுதி, காய்ச்சல் தொடங்கிய தேதியைக் குறிக்க ஒரு கட்டமும் போட்டு, பாட்டி தினமும் பார்க்கும் நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினாள். அதே தாளை இப்போது வகுப்பில் எல்லோரும் எழுதி எடுத்துப் போகிறார்கள்.